ஏழாவது கட்டம்

லொட்ஜின் பொலிஸ் பதிவுப் படிவத்தில் ஏழாவது கட்டம்: கொழும்பில் தங்குவதற்கான காரணம். அதைக் கண்டதுமே அருந்ததிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலியிலிருந்து வருகிறவனையோ குருநாகலிலிருந்து வருகிறவளையோ யாரும் இப்படிக் கேட்பதில்லை. வவுனியாவிலிருந்து வந்த அவள் அம்மாதான், சொந்த நாட்டின் தலைநகரத்தில் நாலு இரவு படுத்தெழும்ப விளக்கம் எழுத வேண்டுமாம்.

அம்மா பாலேஸ்வரி இருதயக் கிளினிக்குக்கு வந்திருந்தாள். எட்டு மாதம் காத்திருந்து கிடைத்த திகதி, வியாழக்கிழமை. அதைத் தவறவிட்டால் அடுத்தது எப்போதென்று தெரியாது. கொட்டாஞ்சேனையில் அருந்ததி வாடகைக்கு இருந்த அறையில் ஆட்களைத் தங்க வைக்க வீட்டுக்காரிக்குப் பயம். அதனால்தான் வெள்ளவத்தையில் இந்த லொட்ஜ்.

கிளினிக் என்று போட்டால் வேலை முடிந்துவிடும் என்றார் மனேஜர் ஸாலிஹ். அருந்ததி கேட்கவில்லை. குடும்பத்தில் முதல் பட்டதாரி அவள். பத்திரிகையில் இதைப் பற்றியே இரண்டு கட்டுரை எழுதியிருந்தாள். வருத்தக்காரருக்கு மட்டும் வழி விடு என்று இன்றைக்கு ஒப்புக்கொண்டால், நாளைக்குச் சுகதேகி எங்கே போவான்? சிங்களத்தில் அழுத்தி எழுதினாள்: இந்த நாட்டுப் பிரஜை. வேறு காரணம் தேவையில்லை.

என்ன எழுதினாய் என்று அம்மா கேட்டாள். அருந்ததி தமிழில் சொன்னாள். அம்மா ஒருதரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

புதன் காலை இடியப்பப் பார்சலோடு அருந்ததி வந்தபோது அறைக்கதவுகள் எல்லாம் ஆவென்று திறந்து கிடந்தன. விடியமுன் பொலிஸ் வந்து, வடக்கு ஆட்களை பஸ்ஸில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டதாம். கடிதமோ கார்டோ காட்டிய மூன்று பேரை மட்டும் விட்டுவிட்டார்களாம்.

ஸாலிஹ் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அம்மாட பேக்ல கிளினிக் கார்ட் இருந்திச்சி மகள். எடுத்துக் காட்டுங்க எண்டு அம்மாக்கிட்ட எவ்வளவோ கெஞ்சினேன். பிள்ளை படிச்சவ, காரணம் தேவல்ல எண்டு எழுதியிருக்கிறா எண்டாங்க. அதையே சிங்களத்தில சொல்லச் சொல்லி என்னையும் விடல்ல."

"சொன்னீங்களா?"

"சொன்னேன். அந்தப் பொலிஸ் ஐயா சிரிச்சார்."

பொலிஸ் நிலையத்துக்கு ஓடினாள். எல்லோரும் விரும்பித்தான் பஸ்ஸில் ஏறினார்கள் என்றான் அங்கிருந்தவன், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவியபடி. அவள் கத்தினாள். அடையாள அட்டையைக் காட்டு என்றான்.

பின்னேரம் வவுனியாவிலிருந்து அம்மா போன் எடுத்தாள். நாலு சொல்லுக்கு ஒருதரம் மூச்சு வாங்கினாள்.

"பிள்ளை, நீ எழுதினதை ஒரு சொல்லும் மாத்தாமல் சொன்னனான். சரிதானே?"

சரிதான். அதில் ஒரு எழுத்துக்கூடப் பிழையில்லை. நாளைக்கு இன்னொரு கட்டுரை எழுதினாலும் அதையேதான் எழுதுவாள்.

"ஓம் அம்மா. சரி."

"கொழும்புக்குத் திரும்பி வரப் பயணப் பாஸ் எடுக்க ரெண்டு கிழமை செல்லுமாம்." அம்மா கேட்டாள். "அப்ப நாளைக்குக் கிளினிக்குக்கு என்ன செய்யிறது, பிள்ளை?"

பார்சலுக்குள் இடியப்பம் காய்ந்துபோய்க் கிடந்தது.