ஞாயிற்றுக்கிழமைத் தொர்பியோர்ன்

அந்த இணையப் போக்கர் மேசையில் தொர்பியோர்ன் என்றால் அறுபது கடந்த, அதிகம் வாய் திறக்காத ஒரு நோர்வேக் கிழவர் என்றுதான் எல்லாரும் நம்பியிருந்தார்கள். உண்மையில் அது ஒஸ்லோவின் புறநகரான அம்மருட்டில் ஒன்பதாம் மாடியில், தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு மடிக்கணினிக்கு முன்னால் குந்தியிருந்த கம்சிகா. வயது முப்பது, பாலர் பள்ளியில் வேலை. சூதாட்டத்தில் அவளுக்குத் துளியும் ஆசை கிடையாது. ஆசையெல்லாம் திரையில் எதிர் இருக்கையில் இருந்த சிந்துஜன்மேல்.

நாலு வருஷத்துக்கு முன் அவளை விட்டு லண்டனுக்குப் போனவன். அவன் பேரைத் தன் காதுபட யாரும் எடுக்கக் கூடாது என்று சிநேகிதிகளுக்குச் சட்டம் போட்டவளும் அவள்தான். சட்டம் போட்டவளே 2007 இலையுதிர்காலத்தில் களவாக இந்தத் தளத்துக்குள் புகுந்து, அவனுடைய பழைய புனைபெயரைத் தேடிப் பிடித்தாள். மனத்துக்கு ஏது வெட்கம்?

ஞாயிறு பின்னேரங்களில் அவன் வருவான். ஆடுவதைவிட அரட்டைதான் அதிகம். தொர்பியோர்ன் ஒஸ்லோக்காரர் என்று தெரிந்ததும் நோர்வேஜிய மொழியில் எழுதத் தொடங்கிவிட்டான். அங்கே பனி விழுந்துவிட்டதா? ட்ராம் இன்னும் பிந்தித்தான் வருகிறதா? நானும் அங்கே இருந்தவன்தான், சில நாள் நினைப்பு வரும். கம்சிகா ஓரிரு சொல்லில் பதில் எழுதுவாள். அந்த ஓரிரு சொல்லுக்காகக் கிழமை முழுவதும் ஏங்கிக் கிடப்பாள்.

அன்று அவள் கையில் ஒரு ராசாச் சீட்டு, மேசையில் எல்லாருக்கும் பொதுவாக விரித்ததில் இன்னொரு ராசா. நல்ல சோடி. அவள் பந்தயம் வைக்க வைக்க, அவனும் சத்தமில்லாமல் அதே அளவு வைத்துக்கொண்டு வந்தான். கடைசிச் சீட்டு விழுந்ததும் தன்னிடமிருந்த முழுவதையும் ஒரேயடியாக நடுவில் தள்ளினான். எல்லையில்லாத ஆட்டம், எவ்வளவும் வைக்கலாம். அவன் சீட்டைப் பார்க்க வேண்டுமானால் அவளும் அவ்வளவையும் வைக்க வேண்டும். அந்தக் காசுக்குக் குறொன்லாண்டு நகைக்கடையில் ஒரு தங்கச் சங்கிலியே வாங்கலாம். இல்லையென்றால் சீட்டை எறிந்துவிட்டுப் பேசாமல் இருக்கலாம். திரையில், அவள் முடிவெடுக்க மிஞ்சிய நேரத்தைக் காட்டும் பச்சைக் கோடு குறுகத் தொடங்கியது.

இந்த ஆட்டத்தை அவளுக்குப் பழக்கியவனும் அவன்தான். "பெரிய பந்தயத்தைக் கண்டு வெருளாதை கம்சி. தொகையைப் பாராதை. ஆள் துவக்கத்திலை இருந்து சொல்லிக்கொண்டு வாற கதை பொருந்துதோ எண்டு பார்."

பார்த்தாள். மேசையில் இரண்டு கிளாவர்ச் சீட்டுகள் கிடந்தன. கையிலும் இரண்டை வைத்துக்கொண்டு ஐந்தாவது கிளாவருக்குக் காத்திருந்து அது வராமல் போனவன், இப்போது வெருட்டித் துரத்தப் பார்க்கிறான். நல்ல சீட்டு வைத்திருந்தால் அவன் இவ்வளவு நேரம் சும்மா இருப்பானா? அவன் வாய் லேசுப்பட்ட வாயா? மச்சானின் காரைத் தன் கார் என்று ஓட்டிக் காட்டியவன். கிடைக்காத வேலைக்கு விருந்து வைத்தவன்.

அப்படிப்பட்டவன்தான் கடைசி நாள் அம்மருட் ஸ்டேஷனில் நின்று சொன்னான்.

"லண்டனிலை வீடு எடுத்திட்டன். ரெண்டு பேருக்கும் காணும். என்னோடை வா."

"எங்கை, வீட்டுத் திறப்பைக் காட்டு பாப்பம்."

"வந்தால் காட்டுறன்."

"உன்ரை அளப்பெல்லாம் எனக்குத் தெரியும் சிந்து. நான் வரேல்லை."

அவன் பையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறினான். பிடிபட்டுவிட்டான் என்று அவள் நினைத்தாள். ஆனால் அன்று தொட்டு அந்த ஒரு கேள்வி அவளை அரித்துக்கொண்டே இருந்தது. வீடு பொய்யென்றால் அவள் செய்தது சரி, நிம்மதியாகப் படுக்கலாம். பொய்யில்லை என்றால்? சீட்டுக்கும் வீட்டுக்கும் சம்பந்தமில்லைத்தான். ஒரே ஒரு தடவை அவன் பொய்யைக் கண்ணால் கண்டுவிட வேண்டும், அவ்வளவுதான். பச்சைக் கோடு முடியப் போகும் தறுவாயில் முழுவதையும் வைத்தாள்.

அவன் சீட்டுகள் திரும்பின. மேசையில் ஒரு ஒன்பது, அவன் கையில் இரண்டு. மூன்று ஒன்பது, அவளுடைய ராசாச் சோடியை அடித்துவிடும் சீட்டு. காசெல்லாம் அவன் பக்கம் போய்ச் சேர்ந்தது.

'ஏன் பார்த்தீர்கள், தொர்பியோர்ன்?' என்று எழுதினான்.

'நீ பொய் சொல்கிறாய் என்று நினைத்தேன்.'

பதில் வந்தது. 'என்னை எல்லாரும் அப்படித்தான் நினைப்பது. பிழை என்னிலும் உண்டு. உங்கள் ஊரில் ஒருத்தியிடம் வீடு எடுத்திருக்கிறேன், வா என்று சொன்னேன். நம்பவில்லை. ஒரு வருஷம் வாடகை கட்டி வெறுமனே வைத்திருந்தேன். கட்டில்கூட வாங்கவில்லை. அவள் வந்து தன் விருப்பப்படி வாங்கட்டும் என்று.'

கம்சிகா உடனே தட்டினாள். 'அந்த வீடு இப்போது?'

'அதில்தான் இருக்கிறோம். மகள் நித்திரையால் எழும்பிவிட்டாள், மனைவி கடையில் நிற்கிறாள்.'

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அந்த வீட்டில் இருந்திருக்க வேண்டியவள் தான் என்று வாய்விட்டுக் கத்த வேண்டும் போலிருந்தது. தன் பேரை எழுத்து எழுத்தாகத் தட்டினாள். அனுப்ப மனம் வரவில்லை, முழுவதையும் அழித்தாள். அங்கே ஒரு பிள்ளை தகப்பனுக்காக அழுதுகொண்டிருக்கும்.

'போய்த் தூக்கு, பிள்ளையை அழவிடாதே' என்று எழுதி அனுப்பினாள்.