முனியாண்டி வீட்டுச் சுவர்

ஜப்பான்காரன் வந்த இரண்டாம் ஆண்டு, மலாயாவில் ரிங்லெட்டுக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டத்தில், கூலிகளின் வரிசை வீடுகளான லயத்தில், முனியாண்டியின் வீட்டுச் சுவரில் செத்தவர்களின் நிழல்கள் குடியேறின. தாத்தா, அப்பா, சித்தப்பா. மூவரும் இடது நெஞ்சைப் பிடித்தபடி நின்றார்கள். அந்த ஆண்டு அரிசி இல்லை, மரவள்ளி இருந்தது. அவர்கள் பிடித்திருந்த நெஞ்சைப் பார்த்து, முனியாண்டி மூட்டை தூக்குவதையும் சுருட்டையும் விட்டான். அவன் குடும்பத்து ஆண்கள் யாரும் தாண்டாத நாற்பது வயதைத் தாண்டினான்.

தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி ராமையாவுக்கு இது பொறுக்கவில்லை. அவன் கல்லூரியில் படித்தவன். மலைக் குளிர் வேண்டாமென்று மனைவி சீதாவைத் தொழிற்சாலையில் தேயிலைத் தூள் சலிக்க வைத்தவனும் அவனே. எட்டு மாதத்தில் அவள் மூச்சிழுப்பு வந்து செத்தாள். கையெழுத்துப் போடத் தெரியாத முனியாண்டிக்குச் சுவரில் மூன்று பேர். தன் சுவரில் ஒரு விரல்கூட இல்லை. பொறாமையில் மேட்டிலிருந்த தன் பெரிய வீட்டைக் கொடுத்து முனியாண்டியின் வீட்டை வாங்கிக்கொண்டான். நிழல்கள் முனியாண்டியின் பாய், சட்டிகளுக்குப் பின்னால் வரிசையாக மேட்டு வீட்டுக்கு ஏறிப் போயின.

"செவுத்துல என்னா இருக்கு கிராணியாரே? நாங்க படையல்ல பேரோட சீக்கையும் சொல்லிக் கூப்புடுவோம். நீங்க யாரக் கூப்புட்டீங்க?" என்றான் முனியாண்டி.

அந்த வாரம் எட்டு வயதுப் பிள்ளைகளும் வேலைக்கு வரவேண்டுமென்று ஜப்பான்காரனின் உத்தரவு வந்தது. பட்டியல் எழுதுவது ராமையா. மகள் சாரதாவுக்குக் குளிருமே என்று தூள் சலிப்பில் எழுதினான். பிறகு கோலா தெர்லாவுக்கு நடந்தான். அங்கே மாமனார் வேலப்பன் கீரைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ராமையா பெண் பார்க்கப் போனபோது, தன் மனைவி காய்ச்சலில் போனதாகச் சொன்னவர் அவர். படையலுக்குச் செத்தவர்களின் பேரும் சீக்கும் வேண்டுமென்று ராமையா கேட்டான்.

"காய்ச்சல் இல்ல மாப்ள, இழுப்பு. அவ ஆத்தாளுக்கும் அதேதான். குளிரு ஒண்ணும் செய்யாது, தூசி பட்டாத்தான் இழுக்கும். சொன்னா பொண்ண யாரு கட்டுவா?"

"நான் கட்டியிருப்பேன் மாமா. தூளு பக்கம் விட்டிருக்க மாட்டேன்."

திரும்பி வந்து, அவித்த மரவள்ளியை இலையில் வைத்து, சீதா, அவள் தாய், பாட்டி மூவரின் பேர்களையும் நோயையும் உரக்கச் சொன்னான். மூன்று பெண்கள் தொண்டையில் கைவைத்தபடி சுவரில் ஏறினார்கள். கடைசியில் சீதா. அவளுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க இடம் காலியாக இருந்தது. ராமையா பட்டியலை எடுத்து, சாரதாவின் பெயரைத் தூள் சலிப்பிலிருந்து அடித்து, மலையில் புல் வெட்டுவோருடன் சேர்த்தான்.

முனியாண்டி வந்து வெகுநேரம் பார்த்தான். "ஒங்களுது நல்லா கறுப்பா விழுந்திருக்குலா," என்றான், முகத்தைச் சுளித்து.

சண்டை முடிந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்து லயங்களுக்குச் சுண்ணாம்பு அடித்தான். நிழல்கள் அதன் மேலே வந்து நின்றன. சாரதா பேரன் எடுத்த பிறகும் சீதாவுக்குப் பக்கத்து இடம் காலியாகவே இருந்தது. அங்கே பாயைச் சுருட்டிச் சாய்த்து வைத்தார்கள்.