எழுதிக்கொண்டிருக்கிறார்

அம்மாவின் போன் தண்ணீர் வாளியில் விழுந்து செத்துப்போன மூன்றாம் நாள் காலையில், பீரோவில் துணிகளுக்கு அடியிலிருந்து அண்ணனின் போனை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள்.

"இது சும்மாதானே கிடக்கு. எனக்குப் போட்டுக் குடுடா. உன் பெரியம்மாகிட்ட பேசாம மூணு நாளா வாய் புளிச்சுப் போச்சு."

செத்தவன் பொருள் என்று அம்மா எதையும் ஒதுக்கி வைக்கிறவள் இல்லை. அண்ணனின் சட்டைகளை நான்தான் போடுகிறேன். செருப்பு ஒரு அளவு பெரியது, அதனால் அது மட்டும் வாசலில் கிடக்கிறது. போனை வாங்கிச் சார்ஜில் போட்டேன். ஓரத்தில் கண்ணாடி விரிந்திருந்தது. பின்மூடிக்கும் உடம்புக்கும் நடுவில் பீரோவின் பூச்சி உருண்டை வாசனை.

எனக்கு இது ஒரு வேலையே இல்லை. நான்கு வருடம் இரவு ஷிப்டில் இதைத்தான் செய்தேன். எங்கெங்கோ இருக்கும் நானூறு கடைகளின் பில்லிங் மிஷின்களுக்கு, கடை மூடியிருக்கும்போது, புதிய பதிப்பை அனுப்புவது. காலையில் வந்து ஷட்டரைத் தூக்குகிறவனுக்கு ராத்திரி ஏதாவது நடந்தது என்றே தெரியக்கூடாது. அவ்வளவுதான் வேலை. அதை விட்டு ஒரு வருடம் ஆகிறது. இப்போது தெருவில் இருப்பவர்கள் பழைய போன்களை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். எனக்கு அப்டேட்டு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் வைத்தது கீழ்வீட்டுத் தையல்கார அக்கா.

"ஏம்ப்பா அப்டேட்டு, இந்தப் போன் நின்னு நின்னு வருது."

"வயசாயிடுச்சுக்கா. லைட்டா ஒண்ணு போட்டுத் தரேன்."

"எனக்குந்தான் வயசாச்சு. மாடி ஏறினா நின்னு நின்னுதான் வரேன். எனக்கும் லைட்டா ஏதாவது போட்டு விடேன்."

பெரிய ஆப்புகள் பழைய போனில் ஓடாது. புதிய பதிப்பு வந்திருக்கிறது, மாற்று என்று கேட்கும். மாற்றப் போனால், இந்தப் போனுக்கு அது ஒத்துவராது என்று அதுவே சொல்லும். அங்கேயும் இல்லாமல் இங்கேயும் இல்லாமல் நிற்பவர்களுக்குத்தான் லைட் ஆப். அது ஏன் எடை குறைவு என்றால், எதையோ கழித்திருக்கிறார்கள். எதைக் கழித்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. நானும் சொல்வதில்லை.

அண்ணன் போனிலும் அதே கதை. மெசேஜ் ஆப்பைத் தொட்டதும் இந்தப் பதிப்பு காலாவதியாகிவிட்டது என்றது. அழித்துவிட்டு லைட்டை இறக்கினேன். எண்ணைக் கேட்டது. அம்மாவின் புது சிம் வந்துசேர இன்னும் இரண்டு நாள் ஆகும். சரி, ஓடுகிறதா என்று பார்க்கலாம் என்று அண்ணனின் எண்ணையே போட்டேன். அந்த சிம் உள்ளேதான் இருந்தது. இரண்டு வருடம் ரீசார்ஜ் செய்யாத எண் எப்போதோ செத்திருக்கும் என்றுதான் நினைத்தேன். ஆனால் திரையின் மூலையில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. ஆறு இலக்கக் குறியீடு வந்தது.

யாரோ மாதாமாதம் இந்த எண்ணுக்கு ரீசார்ஜ் செய்துகொண்டிருக்கிறார்கள். அந்த இடத்திலேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். கை நிற்கவில்லை. அடுத்து, அடுத்து, ஒப்புக்கொள்கிறேன். நான்கு வருடப் பழக்கம்.

போன் அதிர ஆரம்பித்தது. மேஜையில் வைத்தேன். அதிர்ந்து அதிர்ந்து அது தானாக ஓரத்தை நோக்கி நகர்ந்தது. இரண்டு நிமிடம் ஓயவில்லை. ஓய்ந்தபோது பட்டியலில் எல்லாவற்றுக்கும் மேலே ஒரே பெயர் நின்றது. அண்ணியின் பெயர். பக்கத்தில் 743.

பழைய போனைச் சுத்தம் செய்யும்போது நான் ஒவ்வொரு உரையாடலாகத் திறந்து, படங்களையும் வீடியோக்களையும் எடுத்துவிட்டு, இடம் பண்ணுவேன். யாருடைய போனாக இருந்தாலும் அப்படித்தான். அந்தப் பழக்கத்தில் திறந்தேன் என்று சொல்லலாம். பாதி உண்மை.

அண்ணன் செத்தது ஒரு பகலில். வேலை செய்த இடத்தின் மாடிப்படியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. முப்பத்தாறு வயது. அண்ணி என்னைப் பதினோரு தடவை கூப்பிட்டிருக்கிறாள். நான் ஷிப்ட் முடிந்து வந்து, போனை ஊமையாக்கிவிட்டு, ஜன்னலுக்குப் போர்வை கட்டித் தூங்கிக்கொண்டிருந்தேன். அதனால்தான் வேலையை விட்டேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். அதனால் இல்லை. அதற்கப்புறம் எனக்குப் பகலில் தூக்கம் வரவில்லை, ராத்திரியில் தூக்கம் வந்தது. இரண்டு தடவை தவறான பதிப்பைத் தவறான கடைகளுக்கு அனுப்பினேன். போகச் சொன்னார்கள், வந்துவிட்டேன். வீடு, மூக்குக்கண்ணாடிக் கடையில் அண்ணி வாங்கும் சம்பளத்தில் ஓடுகிறது.

கீழேயிருந்து மேலே படித்தேனா, மேலேயிருந்து கீழேயா என்று ஞாபகமில்லை.

*கேஸ் வந்திருச்சு.*

*அத்தைக்கு முழங்கால் வீக்கம். டாக்டர்கிட்ட வரமாட்டேங்கிறாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க.*

*உங்க தம்பி வேலைய விட்டுட்டான். ஏன்னு கேட்டா சுவத்தைப் பாக்கறான்.*

*இன்னிக்கு உங்க கோடு போட்ட சட்டையைப் போட்டுக்கிட்டு, முதுகைக் காட்டிட்டு குழாய்கிட்ட நின்னான். எனக்குக் கை கால் ஓடலை. கழட்டுடான்னு சொல்ல வாய் வரலை. திரும்பிட்டான். அப்புறம் அவன்தான்.*

*ஒண்ணுமில்ல. சும்மாதான்.*

'ஒண்ணுமில்ல, சும்மாதான்' என்று மட்டும் நூறு இருக்கும். கடைசியாக வந்தது இன்று காலை ஒன்பது பன்னிரண்டுக்கு.

*அவர் ரெண்டு மாசமா கேக்கறார், கட்டிக்கலாமான்னு. நம்ம கடைல லென்ஸ் தேய்க்கிறவர்தான். நல்ல மாதிரி. அதிகம் பேச மாட்டார். இன்னிக்கு மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல பதில் சொல்றேன்னு சொல்லியிருக்கேன். நான் அனுப்பினது எதுவும் உங்களுக்கு வந்து சேரலை. எல்லாம் ஒத்தை டிக்கோட நிக்குது. இதுவும் அப்படியே நின்னா, நீங்க சரின்னு சொன்னதா எடுத்துக்கறேன்.*

மணியைப் பார்த்தேன். பதினொன்று ஐம்பது.

பெரிய ஆப்பில், படித்ததைக் காட்டாதே என்று சொல்ல ஒரு வசதி உண்டு. லைட்டில் அதைக் கழித்துவிட்டார்கள். எனக்குத் தெரியும், தெருவில் எத்தனையோ பேருக்கு நானே போட்டுக் கொடுத்திருக்கிறேன். இந்நேரம் கண்ணாடிக்கடையில் அவள் கையில் இருக்கும் போனில், எழுநூற்று நாற்பத்து மூன்று ஒற்றை டிக்குகள் இரட்டையாகி, நிறமும் மாறியிருக்கும். கேஸ் வந்தது, முழங்கால், சட்டை, எல்லாம். இரண்டு வருடமாக வராதவன் ஒரே மூச்சில் வந்து எல்லாவற்றையும் படித்துவிட்டான்.

திரையின் மேலே, அவள் பெயருக்குக் கீழே எழுத்துகள் தோன்றின. *எழுதிக்கொண்டிருக்கிறார்…*

மறைந்தது. மறுபடி வந்தது. மறைந்தது. பிறகு,

*ஏங்க*

அவ்வளவுதான். ஒரு நிமிடம் கழித்து இன்னொரு தடவை.

*ஏங்க*

அண்ணி, நான்தான் என்று அடித்தேன். அனுப்பவில்லை. அனுப்பினால் எல்லாவற்றையும் படித்தவன் நான் என்று ஆகிவிடும். அழித்தேன். பிறகு வேறொன்று தோன்றியது. அவள் போய்விட்டால் இந்த வீட்டில் அடுப்பு எரிய நான் மறுபடி ராத்திரியில் போய் உட்கார வேண்டும். அம்மாவின் முழங்காலை நான் பார்க்க வேண்டும். இதை அழகுபடுத்திச் சொல்ல எனக்குத் தெரியாது. அண்ணன் பேசுகிற மாதிரியே அடித்தேன். *போகாத.* கட்டைவிரல் அனுப்பும் பொத்தானுக்கு மேலே நின்றது. அழித்தேன். திரும்ப அடித்தேன். திரும்ப அழித்தேன்.

அதற்கப்புறம்தான் உறைத்தது. நான் ஒவ்வொரு எழுத்தாக அடிக்கும்போதும், அழிக்கும்போதும், அங்கே அவள் திரையில் அண்ணன் பெயருக்குக் கீழே அதே வார்த்தை வந்து வந்து போயிருக்கும். எழுதிக்கொண்டிருக்கிறார்.

போனைக் கீழே போட்டுவிட்டு என் போனிலிருந்து அவளைக் கூப்பிட்டேன். முழுதாக அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டேன். எடுக்கவில்லை. அவள் பதினோரு தடவை கூப்பிட்டவள். நான் மூன்றோடு நிறுத்திக்கொண்டு, அண்ணன் போனையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

"வேலை செய்யுதாடா?" என்றாள் அம்மா, சமையலறையிலிருந்து.

"செய்யுதும்மா."

"அப்ப இங்க குடு. உன் போன்லேருந்து நம்பரை எடுத்துக் குடு, பெரியம்மாவைக் கூப்பிடறேன்."

"இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு."

"உன் வேலை எல்லாமே அப்படித்தான். முக்கால்வாசில வந்து நிக்கும்."

கண்ணாடிக்கடை பதினைந்து நிமிட நடை. வழியில் போன் பைக்குள் ஒரு தடவை அதிர்ந்தது. எடுத்துப் பார்க்கவில்லை. நீண்ட குறுகலான கடை அது. இரண்டு சுவரிலும் கண்ணாடி அடுக்குகள், நடுநடுவே முகம் பார்க்கும் கண்ணாடிகள். உள்ளே நுழைந்தால் நம் முகம் நான்கைந்து இடத்தில் திரும்பிப் பார்க்கும். கோடியில் ஒரு திரை. திரைக்குப் பின்னால் லென்ஸ் தேய்க்கும் மிஷினின் சத்தம், பல்லைக் கூசவைக்கிற மாதிரி. எண்கள் எழுதிய பலகைக்கு எதிரே தடித்த மனிதர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மூக்கில் சோதனைச் சட்டம், ஒரு கண்ணுக்குக் கறுப்பு வட்டு. அவர் படிக்க, அண்ணி பக்கத்தில் நின்றிருந்தாள்.

"மூணு, ஒம்போது, அஞ்சு… அஞ்சுதானே?"

பலகையில் இருந்தது ஆறு. அவள் திருத்தவில்லை. அவள் போன் மேஜைமேல் மல்லாந்து கிடந்தது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் கூப்பிடுவதற்குள் நிமிர்ந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். வாசலிலேயே பையிலிருந்து எடுத்த அண்ணனின் போன் கையில் இருந்தது.

"நீயா," என்றாள். அதில் கேள்வி இல்லை.

"அம்மா அவங்களுக்குப் போட்டுத் தரச் சொன்னாங்க அண்ணி. பழைய ஆப் ஓடலை. அதான் லைட் போட்டேன். அதுல படிச்சதை மறைக்கிற வசதி கிடையாது. அதனாலதான்…" நான்கு வருடம் ராத்திரிகளில் கடைக்காரர்களுக்கு விளக்கம் சொன்ன அதே குரல். எனக்கே கேட்கக் கூசியது.

"எல்லாத்தையும் படிச்சியா?"

"கொஞ்சம். கடைசியும்."

"மேடம், இது ஆறா எட்டா?" என்றார் சோதனைச் சட்டக்காரர்.

"எட்டு," என்றாள் அவர் பக்கம் திரும்பாமலே. பிறகு என்னிடம், குரலை இறக்கி, "என்னமோ எழுதி எழுதி அழிச்சியே. அது என்ன?"

"ஒண்ணுமில்ல அண்ணி. சும்மாதான்."

சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று தெரிந்தது. அவளுக்கும் தெரிந்தது. காத்திருந்தாள்.

"போகாதன்னு எழுதினேன்."

"யார் சொல்ற மாதிரி?"

திரைக்குப் பின்னால் மிஷின் நின்றது. கடையில் திடீரென்று அவ்வளவு அமைதி.

"அண்ணன் சொல்ற மாதிரி."

சிரிப்பு மாதிரி ஒன்று அவள் முகத்தில் கிளம்பிப் பாதியில் நின்றது. "அவர் அப்படிச் சொல்லவே மாட்டார். உன் இஷ்டம்பார். சொல்லிட்டு மூணு நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவார். கூட இருந்தவனுக்கு இது கூடத் தெரியலை. எங்க தெரியும், பகல்ல தூங்கறவனுக்கு."

நான் போனை மற்ற கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"ஆனா அஞ்சு நிமிஷம் இருந்தார்," என்றாள். "நீ எழுதி எழுதி அழிச்சப்போ. அஞ்சு நிமிஷம்."

"ஆப்பையே எடுத்துடறேன் அண்ணி. எல்லாத்தையும் அழிச்சுடறேன்."

"வேண்டாம்." தன் போனைக் கையில் எடுத்தாள். "ஆஃப் பண்ணாத. வெளில போய் நில்லு. வர்றது எதையும் படிக்காத. உனக்கில்லை அது."

திரை விலகியது. மெலிந்த மனிதர் ஒருவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தார். முழங்கை வரை வெள்ளைத் தூள், புருவத்திலும் கொஞ்சம். என்னைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"சாப்பிடலாமா?" என்றார்.

"அஞ்சு நிமிஷம்," என்றாள், நிமிராமல். இரண்டு கட்டைவிரல்களும் ஓடிக்கொண்டிருந்தன.

அவர் தலையாட்டிவிட்டு, பலகைக்கு எதிரே ஒற்றைக் கண்ணோடு காத்திருந்தவரின் பக்கத்தில் போய் நின்று, "மறுபடி மேலேருந்து படிங்க சார்," என்றார்.

நான் தெருவில் வந்து நின்றேன். வெயில் நேராகத் தலையில் இறங்கியது. போனின் திரை உள்ளங்கையில் படும்படி கவிழ்த்துப் பிடித்திருந்தேன். அதிர்ந்தது. சற்றுப் பொறுத்து மறுபடி. ஒவ்வொரு தடவையும் விரல் இடுக்குகளில் வெளிச்சம் கசிந்து, தோல் சிவப்பாகத் தெரிந்து, அணைந்தது. தெருவில் போகிறவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கடைக் கண்ணாடிக்கு உள்ளே வரிசையாக வைத்திருந்த வெறும் சட்டங்களுக்கு அந்தப் பக்கம் அவள் குனிந்த தலை மட்டும் தெரிந்தது. நீளமாக ஒரு அதிர்வு. குட்டியாக இரண்டு. மறுபடி நீளமாக.

பிறகு நின்றது.

அவள் முடித்துவிட்டாளா, பழைய பேட்டரி அதன் வழியில் கைவிட்டுவிட்டதா என்று தெரியவில்லை. திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். உள்ளே அவள் தலை இன்னும் நிமிரவில்லை. கையைத் திருப்பாமல் அப்படியே நின்றேன். போனின் கண்ணாடி இன்னும் சூடாக இருந்தது. சூடு போனிலிருந்து வருகிறதா, என் கையிலிருந்தா என்று சொல்ல முடியவில்லை.