பிகோனியாக் கூடையின் மணல்

பாப்பம்மாவுக்கு எந்த வேலையும் ஓடவில்லை. மாரிகுப்பத்தில் அன்று காலை இரண்டு பெண்களைக் காவலர்கள் பிடித்துப் போனார்கள் என்று பால்காரன் சொல்லிவிட்டுப் போயிருந்தான். செய்த குற்றம், தங்கச் சுரங்க மில்லுக்குப் பின்னாலிருக்கும் மேட்டில் ஆளுக்கொரு மடி மணல் அள்ளியது. பாறையை இடித்துப் பொன்னை எடுத்தபின் கொட்டுகிற வெள்ளை மணல் அது; கொஞ்சம் பொன்தூள் அதில் மிஞ்சியிருக்கும். காற்றடித்தால் ஊரார் கண்ணிலெல்லாம் விழும். கண்ணில் விழுந்தால் கம்பெனி ஏனென்று கேட்காது. மடியில் விழுந்தால் ஆறு மாதம் சிறை.

அவள் வேலை பார்த்த பங்களா வராந்தாவில் தொங்கிய நான்கு கம்பிக்கூடைகளிலும் அந்த மணல்தான் இருந்தது.

கூடைகளில் இருந்தவை பிகோனியா. கம்பெனி துரையின் மனைவி, துரைசாணி ஐடா, ஊட்டியிலிருந்து கிழங்கு வரவழைத்திருந்தாள். தண்டுகள் விளிம்பைத் தாண்டிக் கீழே வழிந்து சிவப்பும் ஆரஞ்சுமாகப் பூக்கும். மகா செல்லம் பிடித்த செடி. தண்ணீர் குறைந்தால் மொட்டை உதிர்க்கும், தேங்கினால் கிழங்கு அழுகும். போன வருஷம் வெறும் செம்மண்ணில் வைத்து நான்கும் அழுகிப் போயின. "மணல் கலக்கணும்" என்றாள் துரைசாணி. ஆறில்லாத ஊரில் மணலுக்கு எங்கே போவாய் என்று அவள் கேட்கவில்லை, பாப்பம்மாவும் சொல்லவில்லை. நாலு நடையில் நாலு மடி கொண்டுவந்து சேர்த்தாள்.

பிடிபட்டால் தான் மட்டும் போவதில்லை. புருஷன் ராஜப்பாவுக்குச் சுரங்கத்தில் வேலை போகும், கம்பெனி கொடுத்த மூங்கில் தட்டிக் குடிசையும் போகும். எடுத்ததை எடுத்த இடத்திலேயே போட்டுவிட்டால் திருட்டு எப்படித் திருட்டாகும்? பயந்தவளுக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

மதியச் சாப்பாட்டுக்குப்பின் துரைசாணி படுக்கப் போனதும் ஒரு கூடையை இறக்கினாள். செடியைப் பிடுங்கி ஈரச் சாக்கில் சுற்றி வைத்தாள். மண்ணை மடியில் கட்டிக்கொண்டு மேட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

"இன்னாமே, மடியில இன்னா?"

கம்பெனிக் காவல்காரர் சௌந்தரராஜன். அவள் மடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எடுக்கலீங்க சாமி. போட வந்தேங்க."

"போட வந்தியா! இருவது வருசமா காவல் காக்குறேன், எவளும் இப்படிச் சொன்னதில்லமே. மடிய அவுத்துக் காட்டு."

அவிழ்த்தாள். வெள்ளை மணலோடு தேங்காய்நாரும் இலைமக்கும் மெல்லிய வேர்களும் விழுந்தன. அவர் ஒரு வேரை எடுத்துப் பார்த்தார்.

"எந்த வூட்டுது?"

சொன்னாள். துரையின் பெயரைக் கேட்டதும் அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. வழக்கு எழுதினால் துரை வீட்டையும் சேர்த்தல்லவா எழுதவேண்டும்? வேரைக் கீழே போட்டுவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார். ஆறடி மனிதரும் பயந்துதான் போனார்.

"இன்னும் எத்தினி கூடை இருக்குது?"

"மூணுங்க."

"அதத் தொடாத. துரை வூட்டுல இருக்கிற வரைக்கும் அது மண்ணு. நீ வெளிய கொண்டாந்தா அது திருட்டு. போயிரு. இன்னொரு தபா இந்தப் பக்கம் உன்னப் பாத்தேன், நானே கொண்டுபோய் உள்ள தள்ளிடுவேன்."

பிழைத்தோம் என்று நம்பவே பங்களா வாசல்வரை ஆயிற்று. வராந்தாவில் துரைசாணி எழுந்து நின்றிருந்தாள். கையில் காலிக் கூடை, காலடியில் வதங்கிய செடி.

"என்ன பண்ணினே பாப்பம்மா?"

"வேரு அழுவுற மாதிரி இருந்துச்சிம்மா. மண்ண மாத்தலாம்னு..."

துரைசாணியின் முகம் மலர்ந்தது. இப்படிப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்று தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

"நல்லது. நாலையும் மாத்திடு. புது மணல் இன்னிக்கே கொண்டு வா."