கழிவு அறைக்கு ஒரு குத்துவிளக்கு

தண்ணீர், மண், தேயிலை என எதைக் கொடுத்தாலும் சோதித்துத் தரும் பல்லேகல ஆய்வுகூடமொன்று, தன் இரசாயனக் கழிவுகளை வைக்க ஓர் அறை கட்டியது. அறை சின்னது, திறப்பு விழா பெரிது. பணிப்பாளர் கலாநிதி ஸ்ரீஸ்கந்தராசாவும் நிறுவனத் தலைவர் முத்துலிங்கமும், விளக்கின் முதல் திரியை யார் ஏற்றுவது என்று ஒரு கிழமையாகச் சிரித்த முகத்தோடு சண்டை பிடித்தார்கள்.

வெறும் அறை படத்தில் எடுபடாது என்று பணிப்பாளர் காலையிலேயே கழிவுக் கேன்களை உள்ளே அடுக்கச் சொல்லியிருந்தார். எல்லாம் நெருப்பைக் கண்டால் பற்றிப் பாயும் சரக்கு. அபாயம் என்று காட்டும் மண்டையோட்டுப் பலகையும் படத்தில் விழவேண்டுமாம். ஆகவே குத்துவிளக்கு கேன்களின் நடுவில். ஒரு கேன் கசிந்து, அறையெங்கும் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் நெடி.

பாதுகாப்பு உத்தியோகத்தர் ருஷ்தா வாசலை மறித்தாள்.

"சேர், உள்ளுக்கு விளக்கு ஏத்தேலா. கசிஞ்ச ஆவி நிலத்தோட படுத்திருக்கு, பத்திக்கும்."

"என்ன பிள்ளை, நல்ல காரியத்திலை இப்பிடிக் கதைக்கிறீர்?" என்றார் பணிப்பாளர். " சுபநேரம் வந்திட்டுது. மெழுகுதிரியைக் கொளுத்தி நீட்டும்."

நீட்டுகிறவளும் சேர்ந்துதான் எரிவாள். ருஷ்தா இருவருக்கும் கேட்கும்படி மெதுவாகச் சொன்னாள்: "முதல் திரிக்குக் குனியிற ஆளத்தான் நெருப்பு முதல்ல பிடிக்கும்."

பணிப்பாளர் தொண்டையைச் செருமினார்.

"தலைவர், மூத்தவர் நீங்கள். நீங்களே ஏத்துங்கோ."

"சேச்சே, படிச்ச மனுசன் நிக்கிறப்ப நானா? நீங்க போங்க."

"நான் பின்னாலை நிக்கிறன்."

"அப்ப நான் உங்களுக்கும் பின்னால."

பணிவு முற்றிப்போய் இருவரும் பின்பக்கமாகவே நடந்தார்கள். படி இறங்கி, பூச்சட்டி தாண்டி, கார்களைச் சுற்றினார்கள். ஊர்வலம் தொடங்கிவிட்டதென்று கண்டி மேளக்காரர் அடித்துக்கொண்டு பின்தொடர்ந்தார்கள். விருந்தினர் கைதட்டியபடி அவர்கள் பின்னால். வெளிவாசலுக்கு வந்தபிறகுதான் இருவரும் நின்றார்கள்.

பணிப்பாளர் ஒலிவாங்கியைப் பிடித்தார். "தீ விபத்து நேர்ந்தால் ஒழுங்காக வெளியேறுவது எப்படி என்பதை இப்போது செய்து காட்டினோம்."

பலத்த கரகோஷம்.

அறையில் ருஷ்தா முகமூடி மாட்டி, சன்னல்களைத் திறந்து, கசிவின்மேல் மணல் கொட்டிக்கொண்டிருந்தாள். ஒலிபெருக்கி அதட்டியது:

"பிள்ளை, எல்லாரும் வெளியேறிட்டம். நீர் மட்டும் ஏன் உள்ளுக்கு நிக்கிறீர்?"

அவள் வாசலுக்கு வந்து முகமூடியைத் தாழ்த்தினாள்.

"யாராச்சும் இதக் கூட்டி அள்ளணுமே, சேர்."