வாசற்படியில் நின்ற அதிகாரி

எண்பத்திரண்டாம் ஆண்டு இரண்டாம் தவணை தொடங்கிய அன்றே, றொசல்லைக்கு மேலே இருந்த தோட்டப் பாடசாலைக்கு ஒரு சுற்றுநிருபம் வந்தது. இந்தத் தவணை முழுக்கப் பிள்ளைகளின் சுகாதாரத்துக்கும் சுற்றாடலுக்கும் என்று அதில் போட்டிருந்தது. பெரிய மாஸ்டர் சூசைரட்ணம் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு ஐவி டீச்சரின் மேசையில் வைத்துவிட்டு, மழை வரும் போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார்.

அன்றிலிருந்து டீச்சருக்கு மூச்சுவிட நேரமில்லை. வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்த நாளில் அறுபது பிள்ளைகள் ஒரே நேரத்தில் கக்கூசுக்கு ஓடினார்கள். அங்கே இருந்ததோ ஒரே ஒரு கதவு. பள்ளிக்குப் பின்னால் முப்பது மரக்கன்று நட்டார்கள். பால்கார மூக்கனின் மாடு ஒரே காலையில் பதினொன்றைத் தின்றுவிட்டது. டீச்சர் நேரில் போய் முறையிட்டதற்கு, மாடும் சுற்றாடல்தானே என்று மூக்கன் பணிவாகக் கேட்டான்.

இதையெல்லாம் சமாளித்தவர், நகம் பார்க்கும் வேலையை நாலாம் வகுப்புச் சண்முகவடிவிடம் ஒப்படைத்ததில்தான் மாட்டிக்கொண்டார்.

வடிவுக்குச் சிரிக்கத் தெரியாது. காலையில் வாசற்படியில் நிற்பாள். பத்து விரலையும் காட்டாமல் ஒருவரும் உள்ளே போக முடியாது. மூக்குப்பொடி ஒட்டிய விரலோடு வந்த பெரிய மாஸ்டரையே இரண்டு முறை, மலைத்தண்ணீர் கொட்டும் பீலிக்குக் கைகழுவ அனுப்பியவள் அவள். ஏதோ விசாரிக்க வந்த கணக்கப்பிள்ளை, அவளைக் கண்டதும் பிறகு வருவதாகச் சொல்லித் திரும்பிவிட்டார்.

தவணைக் கடைசியில் தாய்மார் கூட்டம் வைத்தார்கள். அட்டனிலிருந்து வட்டாரக் கல்வி அதிகாரி வருவதாக இருந்தது. தோட்டத்துத் தொரையும் தாய்மாருக்கு இரண்டு மணி நேரம் விடுப்புக் கொடுத்திருந்தார். ஒன்பதரைக்கு டீச்சர் மண்டபத்தை எட்டிப் பார்த்தார். உட்கார ஆளில்லாமல் வாங்குகள் எல்லாம் காலி. நாற்பது பெண்கள் வெளியே பீலியைச் சுற்றி நின்று கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒருத்தரும் பாஸாகல டீச்சர்," என்றாள் வடிவு.

வடிவின் தாய் ராக்காயி இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். விரல் நுனியும் நகக்கண்ணும் கறுத்துக் கிடந்தன.

"பதினேழு வருசமா கொழுந்து கிள்ளுற கைங்க டீச்சர். சவுக்காரம் போட்டா போகுமா? பெத்த மகளே உள்ள வுடமாட்டேங்கிறா."

டீச்சர் பதில் சொல்லுமுன் ஜீப் வந்து நின்றது. அதிகாரி இறங்கி, கூட்டம் தன்னை வரவேற்கத்தான் வெளியே நிற்கிறது என்று எண்ணிக் கும்பிட்டபடியே படியேறினார். வடிவு குறுக்கே நின்றாள்.

"கையக் காட்டுங்க சேர்."

அவர் சிரித்துக்கொண்டே வலது கையை நீட்டினார்.

"மத்தக் கையுங்க."

இடது கை முதுகுக்குப் பின்னாலிருந்து மெல்ல வந்தது. சுண்டுவிரலில் ஓர் அங்குலத்துக்கு நகம் வளர்ந்திருந்தது. மண்ணைத் தொடாத உத்தியோகம் என்று காட்டுவதற்காகக் கந்தோரில் பேனா பிடிப்பவர் சிலர் அந்தக் காலத்தில் அப்படி வளர்ப்பதுண்டு.

ஐவி டீச்சரின் கண்முன்னால் இடமாற்றக் கடிதம் வந்து நின்றது. நோட்டன் பிரிட்ஜுக்கும் அப்பால், பஸ்ஸே போகாத ஒரு தோட்டம். வடிவை ஓரமாக இழுத்துவிட்டால் போதும், எல்லாம் முடிந்துவிடும். ஆனால் ஈரக் கையோடு நாற்பது பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஒரு சட்டம், இவருக்கு ஒரு சட்டமா? டீச்சர் உள்ளே போய்த் தையல் பெட்டியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து வந்தார்.

"சேர், நீங்க அனுப்பின சுற்றுநிருபம்தாங்க," என்று கத்தரிக்கோலை நீட்டினார்.

காது குடையவும் கடித உறை கிழிக்கவும் அந்த நகம் எவ்வளவு உதவி என்று அதிகாரி விளக்கிப் பார்த்தார். வடிவு நகரவில்லை. கடைசியில் அவரே கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டு திரும்பி நின்றார். 'டக்' என்ற சத்தம் பீலிவரைக்கும் கேட்டது.

"வலிச்சுச்சாங்க?" என்று ராக்காயி உண்மையான கவலையோடு கேட்டாள். முதலில் சிரித்தவர் அதிகாரிதான்.

அந்தத் துணிச்சலோடு டீச்சர் ராக்காயியின் கையைப் பிடித்து வடிவின் மூக்கருகே கொண்டுபோனார். என்ன வாசம் என்று கேட்டார். வடிவு நன்றாக மோந்து பார்த்துவிட்டு, தேயிலை என்றாள்.

"அப்ப இது அழுக்கு இல்ல, கறை. கறைக்குப் பாஸ் போடு."

வடிவு கொஞ்சம் யோசித்தாள். பிறகு வழிவிட்டாள். தாயை மட்டும், நகம் வெட்டியிருக்கிறதா என்று இன்னொரு தரம் பார்த்தே அனுப்பினாள்.

கூட்டத்தில் டீச்சர் சுகாதாரத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். ஒருவர் காதிலும் அது விழுந்ததாகத் தெரியவில்லை. எல்லார் கண்ணும் அதிகாரியின் சுண்டுவிரலிலேயே இருந்தது. கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டவர், தேநீர் வந்தபோதும் எடுக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து அதிகாரியின் அறிக்கை வந்தது. சுகாதாரம் மிக நன்று, சுற்றாடல் திருப்தி, வரவேற்பு சற்றுக் கடுமை என்று எழுதியிருந்தது. இடமாற்றம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஐவி டீச்சர் தனியே உட்கார்ந்து சிரித்த சிரிப்பில், பக்கத்தில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்த இரண்டாம் வகுப்பு ஏழாம் வரியில் அப்படியே நின்றுவிட்டது.