லட்டுவுக்குத் தயிர்சாதம்

...இல்லை, இரண்டு பூனைகளில் முதலில் மிக்சரைப் பிடிக்கப் போனதுதான் தப்பு, லட்டு எங்கே போகப் போகிறான், கூப்பிட்டால் வந்துவிடுவான், மிக்சர்தான் கூடையைப் பார்த்த மாத்திரத்தில் அலமாரி மேல் தாவி, அங்கிருந்து பரணுக்குப் போய், கொலுப் பொம்மைப் பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்தாளே ஒரு பார்வை, கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த இருபத்துமூன்று வருஷத்தில் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை, நானும் யாரையும் அப்படிப் பார்த்ததில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறி, தலையணை உறையை விரித்து, ஒட்டடையெல்லாம் தலையில் விழ, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மூன்று கீறல் வாங்கி... திங்கள் முதல் வெள்ளி வரை ஆபீசுக்காகக் கரமனைக்கும் கழக்கூட்டத்துக்குமாக பஸ்ஸில் தொங்கிவிட்டு சனிக்கிழமை காலையில் பரணில் ஏறிப் பூனை பிடிக்கிறேன், நாற்பத்தேழு வயதில். என் கணவர் ஸ்ரீகண்டன், கோவில் கமிட்டி மீட்டிங் என்று எட்டு மணிக்கே கிளம்பிவிட்டார். அவருக்குப் பூனைகளோடு எந்த விரோதமும் கிடையாது, அவற்றைத் தூக்கவேண்டிய சமயங்களில் மட்டும் கமிட்டி கூடிவிடும். மாமியார் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் நிற்பது இருக்கிறதே, அதற்குப் பதில் திட்டிவிடலாம். லட்டு மட்டும் தானாக நடந்து வந்து கூடைக்குள் உட்கார்ந்தான். வரும்போது கூடையின் விளிம்பில் நெற்றியை ஒருமுறை இடித்துக்கொண்டான்.

ஆட்டோ பினு இரண்டு கூடையையும் பார்த்து, "சேச்சி, பூச்ச வண்டியில மூத்திரம் ஒழிக்குமோ?" என்று கேட்டான், அதெல்லாம் பெய்யாது என்று சொன்னேன், எந்த தைரியத்தில் சொன்னேனோ. மிக்சர் தெருமுனை தாண்டுவதற்குள் அழ ஆரம்பித்துவிட்டாள், பாதிக் குரல் அழுகை, பாதி வசவு. லட்டுவிடம் சத்தமே இல்லை. இந்தப் பெயர்களெல்லாம் சுமந்த் வைத்தது, ஆரஞ்சு நிறத்தில் உருண்டையாக இருந்தவன் லட்டு, கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாகக் கலந்து கிடந்தவள் மிக்சர், பத்தாம் வகுப்பு படிக்கும்போது ஆற்றங்கரையிலிருந்து சட்டைக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தான். இப்போது அவன் ஜெர்மனியில் படிக்கிறான், பூனைகள் என் தலையில். இரண்டு வருஷம் முன்பு வரை அவன்தான் ஸ்கூட்டரில் டாக்டரிடம் கொண்டுபோவான், ஊசி போட்டுக்கொண்டு வருவான், அவன் போன பிறகு இதுதான் முதல் தடவை, அதுவும் ஞாயிற்றுக்கிழமை தோறும் வீடியோவில் வந்து அம்மா எப்படி இருக்கே என்று கேட்பதற்கு முன்னால் செக்கப் ஆச்சா, செக்கப் ஆச்சா என்று அரித்ததால். நானும் சாப்பிட்டாயா என்று கேட்பேன், சாப்பிட்டுக்கொண்டே பேசுவான், ஆனால் தட்டைக் காட்ட மாட்டான், காமிராவைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிடுவான். என்னடா சாப்பிடறே என்றால் பிரெட் என்பான். வீட்டில் ஆகாதது ஏதாவது தட்டில் இருக்கும், பின்னால் பாட்டி நிற்கிறாள் என்று பயம், வேறென்ன, எனக்குத் தெரியாதா. நானும் துருவ மாட்டேன். அந்த வீட்டில் துருவாமல் இருந்தே பழகிவிட்டது.

தமலம் வளைவில் ஒரு பஸ் குறுக்கே வர, பினு பிரேக் போட, கூடை இரண்டும் என் காலில் வந்து மோதின. லட்டு அப்போதும் சத்தம் போடவில்லை, கூடைப் பின்னலுக்கு நடுவே விரலை விட்டேன், மூக்கால் தேடித் தேடி வந்து தொட்டான். எப்போதுமே சாதுதான், ஆனால் கொஞ்ச நாளாக ஒரு அசட்டுத்தனம், ஜன்னலுக்குத் தாவினால் எட்டாமல் விழுகிறான், பூஜைக்குத் தண்ணீர் வைத்த கிண்டியைத் தட்டிவிட்டான், போன வாரம் என் காலிலேயே வந்து முட்டிக்கொண்டு நின்றான், கண்ணை எங்கேடா வெச்சிண்டிருக்கே என்று கத்தினேன். ஆபீசிலிருந்து வந்த களைப்பு, ஏழரை மணி, தோசைமாவு பொங்கி வழிந்துகொண்டிருந்தது... வேறு யாரிடம் கத்துவது? அவன்தான் பதில் சொல்ல மாட்டான், மிக்சரிடம் கத்தினால் திரும்பிக் கத்துவாள்.

மாடியில் கிளினிக், படியேறுவதற்குள் இரண்டு தோளும் இற்றுப்போனது, உள்ளே ஒரு பெரிய நாய் தரையெல்லாம் எச்சில் வடித்துக்கொண்டு படுத்திருந்தது, மிக்சர் அதைக் கண்டதும் வசவை நிறுத்திவிட்டுச் சுருண்டுகொண்டாள். அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருப்பதே சுகமாக இருந்தது, யாரும் ஒன்றும் கேட்காத இடம், இப்படியே மத்தியானம் வரை கூப்பிடாமல் இருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது. கூப்பிட்டார்கள். டாக்டர் அஸ்வதிக்கு முப்பது வயதுகூட இருக்காது, மிக்சரை இரண்டு நிமிஷத்தில் பார்த்து முடித்தாள், மினுமினுப்பான ரோமம், நல்ல எடை, ஒரு ஊசி, ஒரு சீறல், அவ்வளவுதான். லட்டுவை மேஜைமேல் வைத்ததும் கண்ணில் டார்ச் அடித்தாள். மறுபடி அடித்தாள். விளக்கை அணைக்கச் சொல்லி இன்னொரு கருவியால் வெகுநேரம் பார்த்தாள். ஒரு பஞ்சு உருண்டையை அவன் முகத்துக்கு எதிரே சத்தமில்லாமல் போட்டாள், அவன் திரும்பவே இல்லை. "சேச்சி, இவனு கண்ணு சரிக்கு காணுனில்லல்லோ," என்றாள். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது, ஏன் என்று தெரியவில்லை, கண் தெரியாமல் என்ன, கூப்பிட்டால் வருகிறானே என்றேன். கூப்பிட்டால் காதால் வருகிறான் என்றாள்.

அப்புறம் கேட்டாள், "எந்தா ஆகாரம் கொடுக்குன்னது?" தயிர்சாதம் என்றேன். பின்னே? பால், எப்போதாவது இட்லி, பருப்பு பிசைந்த சாதம். மீன்? எங்கள் வீட்டில் கிடையாது. கோழி? அதற்குப் பதிலை எதிர்பார்க்காமலே கரமனை அக்ரஹாரமா என்று கேட்டாள், ஆமாம் என்றேன். "அக்ரஹாரத்தீந்து இது மூணாமத்தவனா," என்றாள், அங்கிருந்து இப்படி வருகிற மூன்றாவது பூனையாம், திட்டக்கூட இல்லை, ஏதோ அங்கே தண்ணீரில் கோளாறு என்பதுபோலச் சொன்னாள். பூனைக்கு மாமிசத்தில் மட்டும் கிடைக்கிற ஒரு சத்து வேண்டுமாம், அது இல்லாவிட்டால் முதலில் கண், பிறகு இதயம், ஒருநாளில் நடப்பதில்லை, ஒன்றிரண்டு வருஷமாக மெதுவாக... போன பார்வை போனதுதான், இருக்கிற கொஞ்சத்தைக் காப்பாற்றலாம், இன்றைக்கே ஆரம்பிக்க வேண்டும், நாளைக்கு என்று வைக்கக் கூடாது. பாக்கெட்டில் தீனி வரும், இல்லாவிட்டால் வேகவைத்த மீன், தலையானாலும் போதும், கூடவே இந்த மருந்து. எழுதிக்கொண்டே, "மற்றவள் எங்ஙனே இத்ர நன்னாயிட்டு?" என்றாள். ஒரே வீடு, ஒரே தயிர்சாதம், இவள் மட்டும் எப்படி இவ்வளவு நன்றாக இருக்கிறாள். தெரியவில்லை என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை.

படியிறங்கி ஆட்டோவில் உட்கார்ந்து லட்டுவின் கூடையை மடியில் வைத்துக்கொண்டேன். இரண்டு வருஷம்... இரண்டு வருஷம் முன்பு கன்னி மாதம், மாமனார் திவசம், சாஸ்திரிகள் உட்கார்ந்து மந்திரம் சொல்லிக்கொண்டிருக்க, பின்கட்டு வழியாக லட்டு வந்தான், வாயில் ஒரு மீன்தலை, நேரே கூடத்துக்கு வந்து இலைகளுக்கு நடுவே பெருமையாகக் கொண்டுவந்து வைத்தான். பின்மதிலுக்கு அந்தப்புறம் வாடகைக்கு இருக்கும் ஷெமி தினமும் நாலு மணிக்குச் சாளை மீன் ஆய்ந்து தலைகளை மதிலோரம் போடுவாள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மீண்டும் குளியல், மீண்டும் சமையல், சாஸ்திரிகள் கடிகாரத்தைப் பார்த்தார், மாமியார் ஈரப்புடவையோடு ஒன்றும் சொல்லாமல் நின்றார். அந்த ஒன்றும் சொல்லாததை நான் ராத்திரி முழுக்கப் படித்தேன். மறுநாளே சாலைக் கடைத்தெருவில் பச்சை நைலான் வலை வாங்கிவந்து மதில் நீளத்துக்கும் நானே கட்டினேன், விரலெல்லாம் அறுந்தது. லட்டு சொன்னதைக் கேட்கிறவன், இரண்டு நாள் வலைக்குக் கீழே உட்கார்ந்து பார்த்துவிட்டுத் தயிர்சாதத்துக்கு வந்துவிட்டான். மிக்சர்தான் எப்படியோ போய்ப் போய் வந்தாள், திருட்டுக் கழுதை, எந்த வழியாகப் போகிறாள் என்று எனக்குப் பிடிபடவே இல்லை. சமர்த்தாக இருந்ததற்கா இவனுக்குக் கண் போனது? இல்லை, அப்படிக் கேட்கக் கூடாது, கட்டினது யார், நான்தானே, என் கையால்தானே, ஐயோ லட்டு, என் தங்கமே, நான் உன்னைக் கண்ணை எங்கே வைத்திருக்கிறாய் என்று வேறு கேட்டேனே...

அழுகையை அடக்கிக்கொண்டே மனசு ஒருபக்கம் வழி தேடியது, அதுதான் எனக்கு வெட்கம். பாக்கெட் வாங்கிவிடலாம். வாசனை வெளியே வராது, மாடியில் சுமந்த் அறையில் பூட்டி வைத்துவிட்டுக் காலையும் மாலையும் ஒரு பிடி, மாமியாருக்குத் தெரியவே வேண்டாம், காலிப் பையை வீட்டுக் குப்பையில் போடாமல்... இருபத்துமூன்று வருஷமாக நான் இப்படித்தான் வாழ்கிறேன், புனேயில் இரண்டு வருஷம் வேலை தருகிறோம் என்று மேலதிகாரி சொன்னபோதும் வீட்டில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்று ஆபீசிலேயே சொல்லிவிட்டு வந்தேன், வீட்டில் வாயே திறக்கவில்லை, எதற்கு வீண் பேச்சு. போன் அடித்தது. மாமியார்தான்.

"என்ன சொன்னா டாக்டர்?"

ஒன்றுமில்லைம்மா, ஊசி போட்டாச்சு என்று வாய்வரை வந்தது. லட்டுவின் மூக்கு கூடைப் பின்னலில் என் விரலைத் தேடிக்கொண்டிருந்தது. சொல்லிவிட்டேன். கண்ணைச் சொன்னேன், மீனைச் சொன்னேன், வலையைச் சொன்னேன்.

"அந்த மிக்சர் குட்டிக்கு நான் வலையோட கீழ்முனைய அவுத்து விட்டிருக்கேன்டீ," என்றார். "நாலு மணியானா கதவண்ட வந்து நின்னு கத்தும், பாக்க சகிக்காது. நீ ஆபீஸ்லேந்து வரதுக்குள்ள திரும்பக் கட்டிடுவேன். இவனுக்கும் விட்டிருக்கலாம், இவன் கத்தவே இல்லையே, எனக்குத் தோணல்லே."

"எங்கிட்ட ஏன்மா சொல்லல்லே?"

"நீ மடி, ஆசாரம்னு அத்தனை பாக்கறவ. அன்னிக்கு ராத்திரி தூங்காம மறுநாளே வலை கட்டினியே. சொன்னா கோச்சுப்பியோன்னு பயந்துண்டுதான்... சரி, வரச்சே மீன் வாங்கிண்டு வா. பின்கட்டு அடுப்புல தனியா ஒரு சட்டி வெச்சு வேகவெச்சுக்கலாம்." போனை வைத்துவிட்டார்.

பினு கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போனான். நான் தேடிக்கொண்டிருந்தேன்... அவர் கூடாது என்று சொன்ன ஒரு வாக்கியம், ஒரே ஒரு வாக்கியம், இருபத்துமூன்று வருஷத்தில் எங்காவது இருக்கும், கட்டாயம் இருக்கும். வலை கட்டும்போது பின்னால் வந்து நின்று, "இதெல்லாம் வேணுமா?" என்றார், அது ஞாபகம் இருக்கிறது, இது போதுமா என்று கேட்பதாக எடுத்துக்கொண்டு இன்னும் இரண்டு முடிச்சுப் போட்டேன். வேறே? புனே... அவரிடம் கேட்கவே இல்லை. வேறே? களைப்பாக இருந்தது, இத்தனை வருஷக் களைப்பும் யாருக்காக என்று ஒருமுறை சரியாகத் தெரிந்தால்கூடப் போதும், ஆனால் போனில் நான் மீன் என்று சொன்னதைப் பினு கேட்டிருக்கிறான், ஆட்டோ அதற்குள் ரோட்டோரத்தில் நின்றுவிட்டது. மீன் நிறைந்த அலுமினியச் சருவத்தை முன்னால் வைத்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். இரண்டு கூடையையும் தூக்கிக்கொண்டு இறங்கினேன், அவற்றை ஆட்டோவில் விட்டுவிட்டுப் போகலாம் என்று தோன்றவே இல்லை. மூக்கைப் பொத்திக்கொள்ளப் போன கையைக் கீழே இறக்கினேன். மிக்சர் கூடைக்குள் எழுந்து நின்று உரிமையோடு கத்தினாள். லட்டு மெதுவாகத் தலையைத் தூக்கினான், கண் எங்கேயோ பார்க்க, மூக்கு மட்டும் நேராகச் சருவத்துக்குத் திரும்பியது.

"ஏது மீனா மோளே வேண்டத்?" என்றாள் அவள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள் நான், எனக்கு ஒரு மீனின் பெயர்தான் தெரியும், அதுவும் அந்தத் திவசத்தால் தெரிந்தது. சாளை என்றேன். யாருக்கு என்று அவள் கேட்கவில்லை, நானாகவே பூனைக்கு என்று அவசரமாகச் சொன்னேன், எனக்கில்லை என்று அவளிடம் நிரூபிக்க வேண்டும்போல. அந்த அவசரத்தில்தான் சுமந்த் ஞாபகத்துக்கு வந்தான். ஞாயிற்றுக்கிழமை, காமிராவைச் சுவர்ப் பக்கம் திருப்புகிற அவன் கை. போன வாரம் அவன் தட்டை மறைத்தபோது மாமியார் ஊரிலேயே இல்லை, பெண் வீட்டுக்கு வித்துராவுக்குப் போயிருந்தார், அது அவனுக்கும் தெரியும். வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன்.